சின்னக் கடையை ஆன்லைனுக்குக் கொண்டுபோவது எப்படி: பினாங்குக் கடைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "ஷோப்பியில் போடணும், எங்கே ஆரம்பிக்கிறது?" ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பூஜைச் சாமான், சேலை, மசாலா, பலகாரம் விற்கும் சின்னக் கடைக்காரர்களுக்காகவும், பட்டர்வொர்த்திலோ பிறையிலோ வீட்டிலிருந்தே தொடங்க நினைக்கும் அக்கா தங்கைகளுக்காகவும் எழுதுகிறேன். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். எம்பிபிபி (பினாங்குத் தீவு மாநகர் மன்றம்) என்று வரும் இடத்தில் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) என்று படித்துக்கொள்ளுங்கள்.

சரக்கும் வங்கியில் போடும் வைப்புத் தொகையும் நீங்கலாக 300 முதல் 500 வெள்ளிக்குள் (ரிங்கிட்) தொடங்கிவிடலாம். இதற்குமேல் யாராவது "பேக்கேஜ்" என்று விலை சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு கணக்கு திறந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதெல்லாம் கீழே இருக்கிறது.

எனக்குத் தெரிந்து கடைக்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருப்பது ஒன்று. விற்பனைத் தளம் பிடிக்கும் கழிவு எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்க்காமல் விலை போடுவது இன்னொன்று. படிகளை வரிசையாகச் செய்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

1. முதலில் பொருளைப் பாருங்கள், அனுமதி வேண்டுமா என்று

எல்லோரும் பதிவில் ஆரம்பிப்பார்கள். நான் பொருளில் ஆரம்பிக்கச் சொல்வேன். சில சாமான்களைக் கடையில் வைத்து விற்கும்போது யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஆன்லைனில் போட்டால் நாடு முழுக்கத் தெரியும், அதிகாரிகளுக்கும் சேர்த்து.

சேலை, பாவாடை சட்டை, கவரிங் நகை, பித்தளை விளக்கு, சாம்பிராணி, தோரணம்: இவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை. இதில் ஆரம்பிப்பதுதான் சுலபம்.

முடி எண்ணெய், முகப்பூச்சு, நலங்கு மாவு எல்லாம் அழகுசாதனம். சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவித்து எண் வாங்கியிருக்க வேண்டும். "என்ஓடி" என்று தொடங்கும் அந்த எண் நீங்கள் வாங்கும் சரக்குக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது எவ்வளவு நல்ல எண்ணெயாக இருந்தாலும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கு "எம்ஏஎல்" பதிவு எண் வேண்டும். ஊரிலிருந்து வந்த தைலம், லேகியம் எல்லாம் பெரும்பாலும் இந்த எண் இல்லாமல்தான் வருகிறது. அதோடு, "முடி கொட்டுவது ஒரே வாரத்தில் நிற்கும்", "சர்க்கரை குறையும்" என்றெல்லாம் எழுதக் கூடாது. மருந்து விளம்பரத்துக்குத் தனி ஒப்புதல் எண் உண்டு, அது இல்லாமல் நோய் குணமாகும் என்று எழுதினால் குற்றம்.

சாப்பாட்டுப் பொருள் என்றால் இன்னும் கவனம். வீட்டில் முறுக்கு, மசாலாத் தூள், ஊறுகாய் செய்து விற்பவர்கள் உணவு கையாளும் பயிற்சிக்குப் போக வேண்டும். சுமார் 50 வெள்ளி, ஒரு நாளில் முடியும். டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும், 3 வருடத்துக்குச் செல்லும். சமைக்கும் இடத்தைச் சுகாதார அமைச்சின் ஃபோசிம் முறையில் பதிவு செய்யுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பாக்கெட்டில் உணவின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்தவர் பெயர் முகவரி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். இங்கே தயாரித்த உணவென்றால் இந்த விவரங்கள் மலாயில் இருக்க வேண்டும். தமிழில் அழகாக அச்சடித்து மலாயை விட்டுவிட்டால் செல்லாது, இரண்டையும் போடுங்கள். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் சான்றிதழ் இல்லாமல் ஹலால் முத்திரையோ அந்த அர்த்தம் வரும் படமோ வேண்டவே வேண்டாம்.

மின்சாரச் சாமான் விற்பதாக இருந்தால் சிரிம் லேபிள் (தரச் சோதனை முத்திரை) பாருங்கள். தீபாவளிக்கு அலங்கார விளக்கு வாங்கி விற்பவர்கள் அதோடு வரும் அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள்.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது பெட்டியில் சேலை கட்டிக்கொண்டு வருவது நம் ஆட்களின் வழக்கம். சொந்த உபயோகத்துக்கு உள்ள சுங்கச் சலுகை விற்பனைச் சரக்குக்குக் கிடையாது. அறிவித்து, வரி கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரசீது பிறகு வருமான வரியில் செலவுக் கணக்குக்கும் உதவும்.

2. எஸ்எஸ்எம் பதிவு

ஆன்லைனில் விற்றாலும் வியாபாரம் வியாபாரம்தான். தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு செய்ய வேண்டும். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பதியலாம், வயது 18 ஆகியிருக்க வேண்டும். வேலை பாஸில் அல்லது கணவர் வழி விசாவில் இருக்கும் இந்தியப் பிரஜைகள் தங்கள் பெயரில் எண்டர்பிரைஸ் திறக்க முடியாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கணவரோ மனைவியோ குடிமகன் என்றால் அவர் பெயரில் பதிந்து, அவர்தான் உரிமையாளர் என்ற முறையில் நடத்த வேண்டும்.

கட்டணம் அதிகமில்லை. ஐசியில் (அடையாள அட்டை) உள்ள சொந்தப் பெயரிலேயே கடை என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி. "எண்டர்பிரைஸ்", "டிரேடிங்" என்று வணிகப் பெயர் வைத்தால் வருடத்துக்கு 60 வெள்ளி. கிளை ஒவ்வொன்றுக்கும் 5 வெள்ளி. வணிக விவரத் தாள் 10 வெள்ளி, அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், வங்கியில் கேட்பார்கள். ஒரே சமயத்தில் 5 வருடம் வரை கட்டலாம். முதல் தடவை ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள் என்பதுதான் என் யோசனை. வியாபாரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நீட்டிக்கலாம்.

எஸ்எஸ்எம்மின் ஈஸிபிஸ் தளத்தில் செய்யலாம், கவுண்டருக்குப் போயும் செய்யலாம். தேவைப்படுவது ஐசி, தொடங்கும் தேதி, வியாபார முகவரி, வியாபார வகை. இந்த வகையைத்தான் பலர் அலட்சியமாக நிரப்புகிறார்கள். இணையம் வழி சில்லறை விற்பனைக்கு 47912 என்று தனி வகை எண் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்கள் புதிதாகப் பதியத் தேவையில்லை. பழைய பதிவில் இந்த வகையைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பாரம் பி, கட்டணம் 20 வெள்ளி. மாற்றம் நடந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதோடு உங்கள் பதிவு எப்போது காலாவதி ஆகிறது என்றும் பார்த்துவிடுங்கள். அப்பா காலத்தில் எடுத்த பதிவு அவர் பெயரிலேயே இருக்க, மகன் வந்து ஆன்லைன் கணக்கு திறக்கிறார். இரண்டு பெயரும் ஒட்டவே ஒட்டாது.

தாளில் தவறு இல்லையென்றால் பதிவு பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். பெயருக்குத்தான் சில சமயம் இழுக்கும். அரச குடும்பம், அரசாங்கம் சம்பந்தப்பட்ட சொற்களைத் தவிர்த்து, மாற்றுப் பெயர் இரண்டு கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கடை லைசென்ஸ் வேறு விஷயம். அது எம்பிபிபியிடம். தெருமுனைக் கடைக்கு ஏற்கெனவே இருக்கும். வீட்டில் சமைத்து விற்பவர்களும் வீட்டில் சரக்கு வைத்து ஆள் வந்து போகிற மாதிரி நடத்துபவர்களும் கொம்தாரில் உள்ள லைசென்ஸ் பகுதியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெருநிலப் பக்கம் இருப்பவர்களுக்கு எம்பிஎஸ்பி (செபராங் பிறை மாநகர் மன்றம்). அடுக்குமாடியில் இருப்பவர்கள் தயவுசெய்து பெட்டிகளை மாடிப்படியில் அடுக்காதீர்கள், தீயணைப்புக்காரர்களுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார்.

3. வங்கிக் கணக்கும் பெயர் பொருத்தமும்

வணிகப் பெயரில் பதிந்திருந்தால் அந்தப் பெயரில் கணக்கு திறங்கள். எஸ்எஸ்எம் சான்றிதழ், வணிக விவரத் தாள், ஐசி, கடை முகவரிக்குச் சான்று, இவற்றை அசலும் நகலுமாகக் கொண்டுபோங்கள். குறைந்தபட்ச வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி மாறும், 500 வெள்ளியாவது கையில் இருக்கட்டும். சில கிளைகளில் கடையின் முன்பக்கப் படம், சரக்கு வாங்கிய ரசீது என்றும் கேட்பார்கள். என்னை ஒரு கிளையில் இரண்டு தடவை ஒவ்வொரு தாளுக்காகத் திருப்பி அனுப்பினார்கள், வேறு கிளையில் அதே தாள்களோடு அரை மணி நேரத்தில் முடிந்தது. ஒரு இடத்தில் இழுத்தால் அடுத்த வங்கிக்குப் போய்விடுங்கள், சண்டை போட்டுப் பயனில்லை.

இப்போது பெயர். ஐசியில் உங்கள் பெயருக்கு நடுவே "ஏ/எல்" (மகன்) அல்லது "ஏ/பி" (மகள்) இருக்கும். பழைய வங்கிக் கணக்கில் அது விடுபட்டிருக்கும். ஐசியில் "டிஎச்" போட்டு எழுதியது வங்கியில் வெறும் "டி"யாக இருக்கும். மனிதர்கள் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விற்பனைத் தளத்தில் கணக்கு திறக்கும்போது ஐசி, எஸ்எஸ்எம், வங்கிக் கணக்கு மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தவில்லை என்றால் விற்பனை நடக்கும், பணம் மட்டும் உள்ளேயே நிற்கும். செந்தூலில் துணிக்கடை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த அக்காவுக்கு தீபாவளிச் சமயத்தில் இப்படி ஆனது. சரக்கெல்லாம் போய்விட்டது, மொத்தக்காரருக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை.

ஆகவே தளத்தில் கால் வைக்கும் முன் வங்கிக்குப் போய், கணக்கில் உரிமையாளராக உள்ள உங்கள் பெயரை ஐசியில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றித் தரச் சொல்லுங்கள். மனைவி கணக்கு, தம்பி கணக்கு என்று எதையாவது தற்காலிகமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். மாற்றும்போதும் இதே சோதனைதான்.

4. விலைக் கணக்கு: படம் எடுப்பதற்கு முன்பே

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். கடையில் 90 வெள்ளிக்கு விற்கும் சேலையை ஆன்லைனிலும் 90 என்று போட்டுவிட்டு, மாதக் கடைசியில் "விற்பனை நல்லா இருக்கு, காசைத்தான் காணோம்" என்பவர்கள் அதிகம்.

தளம் உங்களிடமிருந்து பிடிப்பது ஒரே கழிவாக இருக்காது. பொருள் வகைக்கு ஏற்ற கமிஷன், பணப் பரிவர்த்தனைக் கட்டணம், இலவச டெலிவரி அல்லது காசு திரும்பத் தரும் திட்டத்தில் சேர்ந்தால் அதற்கு இன்னொரு சதவீதம், ஆர்டர் ஒன்றுக்கு இவ்வளவு காசு என்று ஒரு நிலைக் கட்டணம். இந்தக் கட்டணங்கள் எல்லாவற்றின் மேலும் 8 சதவீதச் சேவை வரி. விகிதங்களை அடிக்கடி மாற்றுவார்கள், ஆகவே விற்பனையாளர் பக்கத்தில் அன்றைய கணக்கை நீங்களே பார்த்து எழுதுங்கள். கணக்குப் போடும் முறையை மட்டும் காட்டுகிறேன். சதவீதம் எல்லாம் சேர்ந்து 12, ஆர்டருக்கு 50 காசு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

விற்கும் விலை 90 வெள்ளிச் சேலை. வாங்கிய விலை 55. 12 சதவீதம் 10.80, அதன் மேல் 8 சதவீத வரி 86 காசு, ஆக 11.66. ஆர்டர் கட்டணம் வரியோடு 54 காசு. கவர், டேப், வேபில் தாள் (பார்சலில் ஒட்டும் முகவரிச் சீட்டு) 1.20. வாடிக்கையாளரை இழுக்க 5 வெள்ளி வவுச்சர். எல்லாம் போக மிச்சம் 16.60. கடையில் விற்றிருந்தால் 35 வெள்ளி நின்றிருக்கும்.

இது பரவாயில்லை. சாம்பிராணிக் கப் ஒரு பாக்கெட் 9 வெள்ளிக்குப் போடுகிறீர்கள், வாங்கியது 5.50. கமிஷனும் வரியும் 1.17, ஆர்டர் கட்டணம் 54 காசு, பெட்டியும் டேப்பும் 80 காசு. கையில் நிற்பது 99 காசு. அதில் ஒரு வெள்ளி வவுச்சர் கொடுத்தால் உங்கள் பையிலிருந்து ஒரு காசு போகிறது. நடுவில் அரை மணி நேரம் பொதி கட்டியது கணக்கிலேயே இல்லை.

இதற்கு நான் சொல்லும் வழி, சின்னச் சாமானைத் தனியாக விற்காதீர்கள். சாம்பிராணி, சூடம், திரி, விளக்கெண்ணெய் சேர்த்து "வெள்ளிக்கிழமைப் பூஜை செட்" என்று 35 வெள்ளிக்குப் போடுங்கள். நிலைக் கட்டணம் ஒரு தடவைதான், பெட்டியும் ஒன்றுதான். வாங்குபவருக்கும் நாலு கடை ஏறும் வேலை மிச்சம். தைப்பூசத்துக்குப் பால்குடச் செட், பொங்கலுக்குப் பானை, இஞ்சிக் கொத்து, மஞ்சள் கிழங்கு, கோலப்பொடி என்று யோசித்தால் நம் கடைகளில் இல்லாத செட்டா!

ஒரு தாளில் பொருளுக்கு ஒரு வரி போட்டு எழுதுங்கள். வாங்கிய விலை, கழிவுகள், பொதிச் செலவு, வவுச்சர், மிச்சம். மிச்சம் விற்கும் விலையில் 15 சதவீதத்துக்குக் கீழே போகிற எதையும் நான் பட்டியலில் சேர்ப்பதில்லை. திரும்பி வரும் பார்சல், உடைந்துபோகும் விளக்கு எல்லாம் அந்த மிச்சத்தில் இருந்துதான் போக வேண்டும்.

5. எந்தத் தளம்

ஷோப்பி, லசாடா, டிக்டாக் ஷாப், ஃபேஸ்புக் லைவ், வாட்ஸ்அப். ஐந்திலும் ஒரே வாரத்தில் குதிக்காதீர்கள். ஒரு சேலை ஐந்து இடத்தில் இருந்து, இரண்டு இடத்தில் ஒரே நேரம் விற்றால் ஒன்றை ரத்து செய்ய வேண்டும். ரத்து அதிகமானால் தளம் உங்களுக்குப் புள்ளி வெட்டும், உங்கள் பொருளைத் தேடலில் கீழே தள்ளும்.

பூஜைச் சாமானுக்கு ஷோப்பி. பெயர் போட்டுத் தேடி வருவார்கள், பக்கத்தில் சிவன் கோயில் இல்லாத ஊரில் இருப்பவர்களும் வாங்குவார்கள். சேலைக்கு லைவ்தான். நம் பெண்களுக்குத் துணியை விரித்து, முந்தானையைக் காட்டி, "அக்கா, இது சாஃப்ட் சில்க், உடுத்தினா வெயிட்டே தெரியாது" என்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து வாங்க மாட்டார்கள். லைவின் தொல்லை, கோட் எண் போட்டு புக் பண்ணிவிட்டுக் காணாமல் போவது. 24 மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுப்போம் என்று லைவ் தொடங்கும்போதே சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று ஒருவருக்கு விட்டுக் கொடுத்தால் அடுத்த லைவில் எல்லோரும் சொந்தக்காரர்தான்.

முதல் மூன்று மாதம் ஒரு தளமும் உங்கள் வாட்ஸ்அப் பட்டியலும் போதும்.

6. பொருள் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆன்லைனில் விற்பவர்கள் காட்டியே ஆக வேண்டிய விவரங்கள் இருக்கின்றன: வியாபாரத்தின் பெயர், எஸ்எஸ்எம் பதிவு எண், மின்னஞ்சலோடு தொலைபேசி அல்லது முகவரி, பொருளின் முக்கிய விவரம், டெலிவரியும் வரியும் சேர்ந்த முழு விலை, பணம் கட்டும் முறை, நிபந்தனைகள், எத்தனை நாளில் வந்து சேரும் என்ற உத்தேசம். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இது பொருந்தும்.

விலையை மறைத்து "பிஎம் தெப்பி" (தனிச் செய்தியில் கேளுங்கள்) என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரர் விலை பார்த்துவிடுவார் என்ற பயத்தில்தான் பலர் செய்கிறார்கள். அவர் எப்படியும் வேறு பெயரில் பிஎம் பண்ணிப் பார்த்துவிடுவார். உங்களுக்குத்தான் ஆபத்து. தனிநபருக்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ 3 வருடம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உள்நாட்டு வாணிப அமைச்சான கேபிடிஎன் ஆட்கள் சமூக வலைத்தளங்களையும் பார்க்கிறார்கள்.

படம் எடுக்கும்போது பகல் வெளிச்சம் போதும். காலையில் கடை திறந்ததும் ஐந்தடி (கடை முன் நடைபாதை) பக்கம் வெள்ளைத் துணி விரித்து எடுங்கள். விளக்குக்கு உயரமும் எடையும் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒரு படம் போடுங்கள். "படத்தில் பெரிசா இருந்துச்சு" என்பதுதான் பித்தளைச் சாமானில் முதல் புகார். சேலைக்கு நிறம் சற்று மாறித் தெரியலாம் என்று ஒரு வரி, ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்று ஒரு வரி. தலைப்பில் தமிழ்ப் பெயரோடு மலாய், ஆங்கிலப் பெயரையும் சேருங்கள். குத்துவிளக்கை ஒருவர் ஒரு மொழியில்தான் தேடுவார் என்று இல்லை.

இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்துப் போடாதீர்கள், நடிகைகள் சேலை கட்டியிருக்கும் படத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

7. பொதி கட்டுவதும் கூரியரும்

கூரியர்காரர்கள் தராசில் உள்ள எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 அல்லது 6000 ஆல் வகுப்பார்கள். அதில் வருவதும் தராசு எடையும், எது அதிகமோ அதற்குக் காசு. பிளாஸ்டிக் பூத்தோரணம் 1 கிலோதான் இருக்கும். 40க்கு 30க்கு 30 பெட்டியில் போட்டால் 36,000. 5000 ஆல் வகுத்தால் 7.2 கிலோவுக்குப் பணம் கட்டுகிறீர்கள். மூன்று அளவுப் பெட்டி, இரண்டு அளவு பிளாஸ்டிக் கவர் வாங்கி வைத்து, பொருளுக்கு ஒட்டின பெட்டியில் போடுங்கள். தளத்தில் எடையும் அளவும் கேட்கும் இடத்தில் உத்தேசமாக நிரப்பினால் வித்தியாசத்தை உங்கள் பணத்தில் கழித்துவிடுவார்கள்.

சபா, சரவாக்குக்குக் கட்டணம் வேறு, நாளும் கூடும். "மலேசியா முழுக்க இலவச டெலிவரி" என்று ஆசையில் எழுதிவிட்டால் மிரி, தாவாவில் இருந்து ஒரு வெங்கலப் பானைக்கு ஆர்டர் வரும்போது தெரியும். தீபகற்பத்துக்கு மட்டும் என்று தெளிவாகப் போடுங்கள்.

தளத்துக்கு வெளியே வாட்ஸ்அப்பில் விற்கும்போது போஸ் லாஜு, ஜே&டி, நிஞ்சா வேன் என்று தனித்தனியாகப் போய் நிற்க வேண்டாம். ஈஸிபார்சல் மாதிரி விலை ஒப்பிட்டு பதிவு செய்யும் தளங்கள் இருக்கின்றன, கவுண்டர் விலையை விடக் குறையும். ஒரு சின்னத் தெர்மல் பிரிண்டர் வாங்கிவிட்டால் வேபில் வேலை சுலபம், மையும் வேண்டாம்.

பொதி கட்டுவதை வீடியோ எடுங்கள். பொருள், ஆர்டர் எண், டேப் ஒட்டுவது, எல்லாம் ஒரே ஓட்டத்தில் முப்பது விநாடி. "உடைஞ்சு வந்துச்சு", "ஒண்ணு குறையுது" என்று புகார் வரும்போது தளத்தில் காட்ட இது ஒன்றுதான் சாட்சி. இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். விளக்கின் திரி முகத்தைத் தனியே கழற்றிச் சுற்றுங்கள், முனைதான் முதலில் வளையும். எண்ணெய் பாட்டிலை மூடி வரை டேப் சுற்றி, தனி பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள், சேலையோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

8. காசு வாங்குவது

தளத்தில் விற்றால், வாங்கியவர் பொருளைப் பெற்றுக்கொண்டார் என்று உறுதியான பிறகுதான் பணம் உங்கள் கணக்குக்கு விடுவார்கள். அனுப்பிய நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்குக்காரருக்கு 7 நாள் கடன் சொல்லி வாங்கிவிட்டு இதை நம்பி இருக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் விற்பவர்களுக்கு டுயிட்நாவ் கியூஆர் (போனில் ஸ்கேன் செய்து கட்டுவது) அல்லது எஃப்பிஎக்ஸ் இணைப்பு (இணைய வங்கி வழி கட்டுவது). இங்கேதான் போலி ரசீதுக்காரர்கள் வருவார்கள். பணம் கட்டியதாக ஒரு படத்தை அனுப்பி, "அண்ணே, கிராப் வாசல்ல நிக்குது, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவார்கள். ரசீதுப் படம் ரசீதே கிடையாது. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பொருளைக் கையில் கொடுங்கள். கடைப் பையனுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட விருப்பமில்லை என்றால் பணம் ஏறினால் அவன் போனில் அறிவிப்பு வருகிற மாதிரி செய்து வையுங்கள்.

மொத்தமாகச் சரக்கு வாங்க முன்பணம் கட்டும்போது நீங்கள் வாங்குபவர் ஆகிறீர்கள். புதிய மொத்தக்காரரின் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள். ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

உங்கள் மேல் வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் அது நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவருக்குச் செலவு 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அழைப்பு வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அந்த நிலைக்குப் போகாது. வாட்ஸ்அப்பில் வந்த புகாருக்கு அன்றே பதில் போட்டாலே பாதி அடங்கிவிடும்.

9. வரியும் கணக்கு நோட்டும்

எஸ்எஸ்எம்மில் பதிந்தவர் வருமான வரிக்குப் பாரம் பி கொடுக்க வேண்டும் (பெயர் ஒன்றுதான், எஸ்எஸ்எம்மின் பாரம் பி வேறு). கெடு ஜூன் 30. பகலில் வேலைக்குப் போய் இரவில் விற்பவர்கள் வழக்கமான பாரம் பிஇயைக் கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். வியாபார வருமானம் வந்த பிறகு அது செல்லாது. லாபமே இல்லாவிட்டாலும் பாரம் பிதான்.

ரசீதுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாளில் உள்ள எழுத்து ஆறே மாதத்தில் மங்கிவிடும், போனில் படம் எடுத்து மாதவாரியாகப் போட்டு வையுங்கள். தளத்தின் வருமான அறிக்கையை மாதாமாதம் இறக்கிக்கொள்ளுங்கள். வங்கியில் ஏறிய தொகையை விற்பனையாக எழுதுவது தவறு. முழு விற்பனையை வரவிலும், கமிஷன், டெலிவரி, வவுச்சரைச் செலவிலும் எழுத வேண்டும்.

மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) பற்றிக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளிக்குக் கீழே உள்ள சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. கடை விற்பனையும் ஆன்லைன் விற்பனையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

10. எப்போது தொடங்குவது, பணம் போதாவிட்டால்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் 10.10, 11.11 விற்பனைகளும் சேர்ந்துகொள்ளும், கூரியர் கிடங்குகள் நிரம்பி வழியும், இரண்டு நாளில் போகும் பார்சல் ஒரு வாரம் ஆகும். தீபாவளி முடிந்த மறுநாள் வந்து சேரும் பாவாடை சட்டை திரும்பி வரும். சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் வாரங்களிலும் வண்டி ஓடாது. என் கருத்தில் மே, ஜூன் மாதம் நல்லது. கூட்டம் இல்லாத நேரத்தில் பத்துப் பொருளோடு பழகிவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் தீபாவளிச் சரக்கை ஏற்றலாம். கடைசி ஆர்டர் தேதியைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாகவே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

சரக்குக்குப் பணம் போதவில்லை என்றால் ஆ லோங் (வட்டி முதலை) பக்கம் போவதற்கு முன், சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் அலுவலகத்துக்குப் போங்கள். இந்திய வியாபாரிகளுக்கென்றே அங்கே ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. பெண்களுக்குச் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியாரின் "பெண்" என்ற திட்டம் உண்டு. இரண்டுக்கும் எஸ்எஸ்எம் பதிவு, வங்கி அறிக்கை, கடை அல்லது வியாபாரம் நடக்கும் இடத்தின் படம் தயாராக வைத்திருங்கள். விற்பனைப் பணம் எல்லாம் அந்த ஒரே வணிகக் கணக்கு வழியாகப் போய் வந்திருந்தால் அறிக்கையைப் பார்த்ததுமே வியாபாரம் ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பாதி மனைவி கணக்கிலும் பாதி கைக்காசாகவும் வந்திருந்தால் விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.